இருபத்து மூன்று வீட்டுப் படிவங்கள்

1981 பெப்ரவரி 3, செவ்வாய்

இன்று கோடு போடாத தாளில் எழுதிப் பார்த்தேன். வரி மேலே மேலே ஏறிப் போகிறது. போகட்டும். எழுத்து எழுத்துத்தான். அறுபத்தாறு வயது மீராமுகைதீன் எழுதிய எழுத்து.

நாற்பது வருடம் சாய்ந்தமருதுக் கடற்கரையில் கரைவலை இழுத்த கை இது. பேனையை மூன்று விரலால் பிடிக்கவே நாலு மாதம் எடுத்தது. முதியோர் வகுப்பு மசூர் மாஸ்டர், "ஒவ்வொரு நாளும் நடந்தத எழுதுங்க, நாலு வரி போதும்" என்கிறார்.

நடந்தது இதுதான். சந்தைக்குப் போகும் வழியில் கடைப் பலகை எல்லாவற்றையும் வாசித்தேன். வாசித்து முடித்துப் போகும்போது மீன் முடிந்துவிட்டது. என் மனைவி நாச்சியா, மகள் சரீபாவைக் கூப்பிட்டு, "மீனுக்கு அனுப்பின மனிசன் பலகய வாசிச்சிட்டு வந்து நிக்கிறார், அதயே ஆக்கிப் போடு" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொண்டாள். முன்பு மூடமாட்டாள்.

பெப்ரவரி 9

வீட்டில் இப்போது இரண்டு கறி. எனக்கும் சரீபாவுக்கும் உறைப்பு. நாச்சியாவுக்கு மட்டும் பால் கறி. மிளகாய் பட்டால் வாய் எரிகிறதாம். உடம்புச் சூடு என்கிறாள். ஆனால் வெற்றிலை மட்டும் எரியாது! தொழுகை நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் வெற்றிலை வட்டா பக்கத்தில் இருக்க வேண்டும். படுக்கும்போதும் பொயிலைத் துண்டைக் கன்னக் கொடுப்பில் அடக்கிக்கொண்டுதான் படுப்பாள். கல்யாணம் முடித்த நாள் தொடக்கம் அப்படித்தான்.

பெப்ரவரி 15, ஞாயிறு

சந்தோசமான நாள். கண்டியில் இருந்து பல் டொக்டர்மார் வரப்போகிறார்களாம். வெற்றிலை போடுகிறவர்களின் வாயில் என்ன வருத்தம் வருகிறது என்று ஊர் ஊராக ஆராய்கிறார்களாம். வீட்டுக்கு ஒரு படிவம். எங்கள் ஒழுங்கையில் இருபத்து மூன்று வீடு. அதை எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும். மசூர் மாஸ்டர் வகுப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மீராமுகைதீன் காக்கா செய்வார்" என்றார். என்னை! கட்டோடு என் கையில் தந்தார். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன்.

கேள்வி நாலுதான். பெயர், வயது. வெற்றிலை போடுவதுண்டா? பொயிலை சேர்ப்பதுண்டா? இரவில் கொடுப்பில் அடக்கிக்கொண்டு தூங்குவதுண்டா? உண்டு என்று சொல்கிறவர்கள் எல்லோரும் மார்ச் பதினாலாம் திகதி பள்ளிக்கூடத்துக்கு வந்து டொக்டருக்கு வாயைக் காட்ட வேண்டும். இல்லை என்பவர்கள் வரத் தேவையில்லை.

பெப்ரவரி 18

இரண்டு வீடு முடிந்தது. ஒரு வீட்டுக்கு அரை மணித்தியாலம் ஆகிறது. இரண்டு வீட்டிலும் தேத்தண்ணீர், ஒரு வீட்டில் தொதல் இனிப்பு. முன்னால் கதிரை போடுகிறார்கள். நான் எழுதும்வரை எல்லோரும் வாய் திறக்காமல் என் பேனையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இந்தச் சுகம் எனக்கு வலையில் பெரிய மீன்பாடு பட்ட நாளிலும் கிடைத்ததில்லை.

பெப்ரவரி 20

இன்று பக்கத்து வீட்டு உம்மு. புருசன் மவுத்தாகிப் பத்து வருடம். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள், "காக்கா, வாயப் பாக்கிறவங்க ஆம்புளையளா பொம்புளையளா?"

"நாலு டொக்டர். நாலும் ஆம்புளையள்தான்."

"அன்னிய ஆம்புளைக்கு நான் ஆவெண்டு வாயப் பிளந்து காட்டவா? எனக்கு இல்ல எண்டு எழுதுங்க."

"வெத்தில போடுறல்ல எண்டா?"

"ஓம். எழுதுங்க."

சொல்லும்போதே அவள் வாயில் வெற்றிலை. துப்பிவிட்டு வந்துதான் மீதியைக் கதைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. எழுதினேன். இல்லை, இல்லை, இல்லை. மூன்று இடத்தில். 'இல்லை' நான் அழகாக எழுதுவேன்.

பெப்ரவரி 24

உம்மு ஒழுங்கை முழுக்கச் சொல்லிவிட்டாள். எல்லா வீட்டிலும் ஆண்களுக்கு உண்டு, பெண்களுக்கு இல்லை. நான் என்ன செய்ய? அவர்கள் சொல்வதை எழுதத்தானே என்னை வைத்தது.

மார்ச் 1

இருபத்து இரண்டு வீடு முடிந்து கடைசியாக எங்கள் வீடு. நாச்சியா வட்டாவை மடியில் வைத்துக்கொண்டே சொன்னாள், "எனக்கும் இல்ல எண்டு போடுங்க."

"புள்ள, உனக்கு வாய் எரியுதெண்டு சொல்றாய். ஒருக்காக் காட்டினா என்ன?"

"ஊரில ஒருத்தியும் போகாம நான் மட்டும் போய்க் காட்டவா? மறுகா ஒழுங்கையில தல நிமித்தி நடக்கேலுமா? போடுங்க, இஞ்சேருங்க."

போட்டேன். பிறகு கட்டைச் சேர்த்து நூலால் கட்டினேன். ஒரு வெட்டுக்கூட இல்லாமல் எழுதியிருக்கிறேன் என்று மசூர் மாஸ்டர் எல்லோருக்கும் காட்டினார்.

மார்ச் 14, சனி

பள்ளிக்கூடத்தில் பெயர் வாசிக்கிற வேலையும் எனக்குத்தான் தந்தார்கள். நான் கூப்பிட, ஆண்கள் ஒவ்வொருவராகப் போய் வாயைத் திறந்தார்கள். பெரிய டொக்டர் கனகரெத்தினம் மட்டக்களப்பு ஆள். நம்மைப் போலத்தான் கதைக்கிறார். என் வாயையும் பார்த்தார். "பெரியவர், பல்லு நாலுதான் இருக்கு. ஆனா வாய் சுத்தம்" என்றார்.

சுவரில் ஒரு பெரிய படம் ஒட்டியிருந்தார்கள். கீழே எழுத்து. ஆள் குறைந்த நேரம் போய் நின்று வாசித்தேன். ஒருவரும் சொல்லித் தராமல் முழுவதையும் நானே வாசித்தேன். "கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு. தேய்த்தாலும் போகாது. உறைப்பு எரியும். நோவு இராது. கவனிக்காமல் விட்டால் புற்றுநோயாக மாறலாம்."

வாசித்த சந்தோசத்தில் தலையை நிமிர்த்திப் படத்தைப் பார்த்தேன்.

நாச்சியாவின் வாய். அவள் கொட்டாவி விடும்போது நான் கண்டிருக்கிறேன். வலப் பக்கம், கடைவாய்க்குக் கிட்ட. அதே வெள்ளை.

பெயர்த் தாளைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தேன். மீதியை அவர் வாசித்தார்.

மார்ச் 15

சொன்னேன். "சுண்ணாம்பு சுட்ட தழும்பு" என்றாள் நாச்சியா. படத்தைப் பற்றிச் சொன்னேன். "படம் போடுறவங்க பயங்காட்டத்தான் போடுவாங்க."

நேற்றே டொக்டரிடம் சொல்லியிருக்கலாம். பத்து முழத்தில் நின்றார். சொன்னால் நான் எழுதியது பொய் என்றாகிவிடும். வெட்டில்லாமல் எழுதிய படிவம் — அதற்குத்தானா வாயை மூடிக்கொண்டு வந்தேன்? அதற்குத்தான்.

மார்ச் 22

பொயிலையை ஒளித்து வைத்தேன். உம்மு வீட்டுக்குப் போய்ப் போட்டுவிட்டு வருகிறாள்.

ஏப்ரல் 7

கல்முனை ஆஸ்பத்திரியில் பல் பிடுங்குகிற இடத்துக்குப் போனேன். கதவில் எழுதியிருந்ததை வாசித்து, சரியான வரிசையில் நின்றேன். முறை வந்தது. என் மனைவிக்கு வாயில் இப்படி என்று சொன்னேன். "ஆள் எங்க?" என்று கேட்டார்கள். வரமாட்டாள் என்றேன். "ஆள் வராம என்னத்தப் பாக்கிறது பெரியவர்?" சரிதானே. அவர்கள் மேல் என்ன பிழை? பின்னால் நின்றவர் முன்னுக்கு வந்தார். நான் வந்துவிட்டேன்.

மே 19

இன்று அவளோடு சண்டை. சரீபாவும் சேர்ந்து கேட்டாள், "உம்மா, ஒருக்காப் போயிட்டு வருவம்." கடைசியில் நாச்சியா சொன்னது: "நீங்கதானே உங்கட கையால எழுதிக் குடுத்தயள், இவள் வெத்திலயே போடுறல்ல எண்டு. இப்ப போய் என்ன சொல்லுவயள்?"

சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன்.

ஜூலை 12

நோன்பு மாதம். பகலில் வெற்றிலை இல்லை. இரவிலும் குறைத்திருக்கிறாள். இன்று நோன்பு திறக்கும்போது கஞ்சியில் இஞ்சி இருந்தது, எரியுது என்று சொல்லாமல் குடித்தாள். யா அல்லாஹ், இந்த மாதத்தை இரண்டு மாதமாக ஆக்க உன்னால் முடியாதா?

ஓகஸ்ட் 6

பெருநாள் முடிந்து வட்டா திரும்ப வந்துவிட்டது. போடத் தொடங்கிய இரண்டாம் நாள் வெற்றிலையோடு இரத்தம் துப்பினாள். வெற்றிலைச் சிவப்புத்தான் என்கிறாள். ஐம்பது வருடம் வெற்றிலைத் துப்பலைப் பார்த்தவன் நான். எனக்கு வித்தியாசம் தெரியாதா?

ஓகஸ்ட் 30

நாச்சியாவுக்கு வாய் திறபடுவது குறைந்துவிட்டது, இரண்டு விரல்தான் உள்ளே போகிறது. சோற்றைக் குழைத்துத் தட்டையாக்கி வைக்கிறாள்.

செப்டெம்பர் 12, சனி

டொக்டர் கனகரெத்தினம் ஆராய்ச்சி முடிவு சொல்ல வந்தார். பள்ளிக்கூட மண்டபம். ஆண்கள் முன்னால், பெண்கள் திரைக்குப் பின்னால். ஊர் ஊராக விபரம் சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டே, "ஒரு அதிசயம் கண்டம். உங்கட ஊரில ஒரு ஒழுங்கை இருக்கு. இருபத்து மூண்டு வீடு. ஒரு பொம்புள கூட வெத்தில போடுறல்ல. இந்தக் கரையில இப்பிடி எங்கயும் இல்ல. இது எப்பிடி எண்டு நாங்க வந்து படிக்கப் போறம்" என்றார்.

திரைக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு வேறொருத்தி. பிறகு மசூர் மாஸ்டர் எழும்பி, அந்தப் படிவங்களை எழுதிய ஆள் இவர்தான், ஒரு வருடத்துக்கு முன் கைநாட்டு வைத்தவர் என்று என்னைக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் எழும்பினேன். நன்றி சொல்லத்தான் எழும்புகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

"டொக்டர் ஐயா, நான் எழுதினது பொய். எல்லாரும் போடுறவங்க. என்ட வீட்டுக்காரி நித்திரையிலயும் போடுறவ. அவட வாயில சுவத்தில ஒட்டின படத்தில இருந்தது இருக்கு. இப்ப இரத்தம் வருது."

கை தட்டல் நின்றது. டொக்டர் கையில் இருந்த தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இத நான் கண்டியிலயும் சொல்லிட்டன், பெரியவர்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

கூட்டம் கலைந்த பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "என்னத்துக்கு இல்ல எண்டவங்க?" என்று கேட்டார். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். "நாலு ஆம்புளையள் வந்து நிண்டு பொம்புளையள வாயத் திறங்க எண்டது எங்கட பிழை. உங்கட பிழை மட்டும் இல்ல."

என் பிழையும் இருக்கிறது என்றுதானே அதற்கு அர்த்தம்.

செப்டெம்பர் 13

ஒழுங்கையில் என்னோடு ஒருவரும் கதைக்கவில்லை. உம்மு மட்டும் வேலிக்கு மேலால், "படிச்சவன நம்பலாம் காக்கா, புதுசாப் படிச்சவனத்தான் நம்பக் கூடா" என்றாள்.

நாச்சியா ஏசவில்லை. அது பயமாக இருக்கிறது.

செப்டெம்பர் 29

அரசாங்க மருத்துவிச்சி நதீராவைப் பத்து நாள் கண்டிக்கு எடுத்திருக்கிறார்கள். மருதமுனைப் பிள்ளை. வாய் பார்க்கப் பழக்கப் போகிறார்களாம். இனிப் பெண்களை அவள்தான் பார்ப்பாள். இதை முதலிலேயே செய்திருந்தால்? அவர்களுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஒக்டோபர் 17

நதீரா வந்தாள். டோர்ச், நீளக் கம்பியில் சின்னக் கண்ணாடி, ஒரு கொப்பி. முதல் வீடு எங்கள் வீடு. சரீபாவுக்குப் பிள்ளைப்பேறு பார்த்தவள் இவள்தான். நாச்சியா மறுக்கவில்லை. "உன்னிட்டக் காட்டுறத்துக்கு என்ன மகள்" என்று முக்காட்டைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்தாள்.

என்னை வெளியே போகச் சொன்னார்கள். கிணற்றடியில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் நதீரா வந்து வாளியால் அள்ளி முகம் கழுவினாள். ஒரு தரம் கழுவியது போதாமல் திரும்பக் கழுவினாள்.

"மாமா, பழக்கின இடத்தில எனக்கு எல்லாம் படத்திலதான் காட்டினவங்க. நேர இப்பத்தான் காணுறன்" என்றாள்.

நவம்பர் 9, திங்கள்

கண்டி. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஊர்ப் பலகைகளை வாசித்து நாச்சியாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவளுக்கு அது பிடித்தது. ஒரு இடத்தில் நான் தூங்கிவிட, தட்டி எழுப்பி, "இது என்ன ஊர், வாசிங்க" என்றாள்.

பல் டொக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் பன்னிரண்டு பேர் அவளைச் சுற்றி நின்றார்கள். ஒன்பது பேர் ஆண். டொக்டர் கனகரெத்தினம் என்னிடம், "அம்மாவுக்கு விருப்பமில்லாட்டி பொடியன்மார வெளிய அனுப்புறன்" என்றார். நான் அவளைப் பார்த்தேன். அவள் கீழே பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு சொன்னாள், "இவ்வளவு தூரம் வந்தாச்சு. பாக்கட்டும். பாத்தாத்தானே மறுகா வேற ஒருத்திக்குச் சொல்லுவாங்க."

திறந்தாள். ஒரு விரல் அளவு. ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். ஒரு சிங்களப் பிள்ளை தெரிந்த தமிழில், "அம்மா, நோவுதா?" என்று கேட்டான். அவள் ஓம் என்று தலையை ஆட்டினாள். என்னிடம் ஒரு நாளும் நோவு என்று சொன்னதில்லை.

சின்னத் துண்டு ஒன்று வெட்டி எடுத்தார்கள்.

நவம்பர் 21

அதுதான்.

டிசெம்பர் 16

மகரகம. புற்றுநோய் ஆஸ்பத்திரி. கன்னத்துக்குக் கறண்ட் பிடிக்கிறார்கள், கதிர் வைத்தியமாம். பெண்கள் வார்ட்டுக்குள் பகல் ஒரு மணித்தியாலம், பின்நேரம் ஒரு மணித்தியாலம்தான் விடுவார்கள். மற்ற நேரம் வாசலில் இருக்கிறேன். வாசல் பலகையில் மூன்று மொழியில் எழுதியிருக்கிறது. ஒரு மொழி எனக்குத் தெரியும். "பார்வையாளர் நேரம் தவிர்ந்த ஏனைய நேரங்களில் உட்செல்ல வேண்டாம்." நூறு தரம் வாசித்துவிட்டேன். வாசிக்கத் தெரியாத காலத்தில் என்றால் தெரியாதவன் போல உள்ளே போயிருப்பேன்.

1982 ஜனவரி 8

இன்று நான் கேட்டேன், "புள்ள, நான் இல்ல எண்டு எழுதினது —"

அவளால் முழுதாகக் கதைக்க முடியவில்லை. வாய் ஓரத்தால் சொன்னாள். "நான்தானே சொன்ன." பிறகு, "நீங்க எழுதாம விட்டிருக்கலாம்."

இரண்டும் உண்மை.

பெப்ரவரி 11

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். டொக்டர் கனகரெத்தினம் என் பெயருக்குக் கடிதம் போட்டிருக்கிறார். என் பெயருக்கு வந்த முதல் கடிதம். நானே உடைத்தேன், நானே வாசித்தேன். "இனி மகரகமவுக்கு அலைய வேண்டாம். வீட்டிலேயே வைத்துப் பாருங்கள். நோவுக்கு நதீரா மருந்து கொண்டுவருவார்."

அலைய வேண்டாமாம்! நாச்சியாவுக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பின்நேரம் நதீரா வந்தபோது அவளுக்கும் வாசிக்க எடுத்தேன். நதீரா கடிதத்தை மெதுவாக என் கையில் இருந்து வாங்கி மடித்தாள்.

"மாமா... இது அந்த மாதிரிக் கடிதம் இல்ல."

எழுத்தெல்லாம் தெரிந்தது. ஒன்றும் விளங்கவில்லை. நாச்சியாவுக்கு முதல் தரமே விளங்கியிருக்கும்.

மார்ச் 3

கஞ்சித் தெளிவு இரண்டு கரண்டி.

மார்ச் 9

கஞ்சித் தெளிவு ஒரு கரண்டி. கன்னத்தில் வெளியே துவாரம் விழுந்துவிட்டது. குடிப்பது அதால் வருகிறது. சரீபா துணி வைத்துப் பிடிக்கிறாள். நான் கரண்டியைப் பிடிக்கிறேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு?

மார்ச் 17

உம்மு வந்தாள். ஆறு மாதத்துக்குப் பிறகு இந்த வளவுக்குள் கால் வைத்தாள். வாசலில் நின்று ஏதோ பகிடி சொல்லத் தொடங்கினாள், நாச்சியாவின் முகத்தைக் கண்டு நடுவில் நிறுத்திவிட்டாள். நாச்சியா அவளைக் கிட்டக் கூப்பிட்டாள். கதைக்க முடியாது. தன் விரலால் உம்முவின் கன்னத்தைத் தொட்டு, பிறகு நதீரா கொண்டுவந்த டோர்ச்சைக் காட்டினாள். திரும்பவும் கன்னத்தைத் தொட்டாள். உம்மு, "ஓம்கா, ஓம்கா, காட்டுறன்" என்று அழுதாள்.

மார்ச் 24

நோவு மருந்து நாலு மணித்தியாலம் நிற்கும் என்று சொன்னார்கள். இரண்டு மணித்தியாலம்தான் நிற்கிறது.

மார்ச் 26, வெள்ளி

எழுத ஏலாது.

ஜூன் 15, செவ்வாய்

மூன்று மாதமாகக் கொப்பியைத் தொடவில்லை. இன்று எழுத வேண்டும் போல் இருந்தது.

செவ்வாய்க்கிழமைகளில் நதீரா எங்கள் வீட்டில் வாய் பார்க்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு வராத பெண்கள் இங்கே வருகிறார்கள். இது நாச்சியாவின் வீடு, இப்போது சரீபாவின் வீடு. பெண்கள் வீட்டுக்குப் பெண்கள் வருவதற்கு யார் என்ன சொல்ல? முதல் கிழமை மூன்று பேர். இன்று காலையில் இருந்து பதினேழு பேர், எங்கள் ஒழுங்கை மட்டும் இல்லை.

படிவத்தை நதீராவே எழுதுகிறாள். ஒவ்வொருத்தியிடமும் நேரே கேட்கிறாள், வாயைப் பார்த்த பிறகுதான் எழுதுகிறாள். எனக்கு எழுத வேலை இல்லை. ஆண்கள் வெளியே என்று என்னையும் சேர்த்துத்தான் அனுப்பினார்கள். வாசல் கடப்படியில் இருக்கிறேன்.

உம்மு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். "காக்கா, எனக்கும் ஒரு வெள்ளை இருக்காம். சின்னதாம். வெத்தில விட்டா மாறலாமாம்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள். கையில் வட்டா இல்லை.

வருகிறவர்களை நாச்சியாவின் கட்டிலில்தான் இருத்துகிறார்கள். காலையில் அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழுகிறதாம். யன்னல் திறந்திருப்பதால் நதீராவின் குரல் கேட்கிறது.

"பெரிசாத் திறங்க, உம்மா. இன்னும். இன்னும் கொஞ்சம்."